லாக் இன்: ஒரு மரக்கட்டையின் கதை

ஏழாம் வகுப்பு மாணவர்களை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கணினிகளை இயக்கியாயிற்று. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வந்தது. “எல்லாரும் லாக் இன் பண்ணுங்க” என்றேன். முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள்.

“சார், லாக்னா பூட்டுதானே? பூட்டைத் திறந்துட்டு உள்ளே போறதுக்கு அன்லாக்னுதானே சொல்லணும்? ஏன் லாக் இன்னு சொல்றோம்?”

பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. “இது அந்த லாக் இல்ல. ஸ்பெல்லிங்கைப் பாரு, கடைசில ஜி இருக்கு. இது மரக்கட்டை.”

“மரக்கட்டையை உள்ளே போடறதா?” என்றது இன்னொரு குரல். வகுப்பே சிரித்தது.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. “பெரிய வகுப்புல லாகரிதம்னு ஒரு கணக்கு வரும். அதோட சுருக்கம்தான் இது” என்று ஒரு போடு போட்டேன். அந்த மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. மாலையில் அகராதியைப் புரட்டினேன். நான் சொன்னது தவறு. அந்தப் பையன் சொன்னதுதான் சரி. லாக் இன் என்பதில் இருப்பது மரக்கட்டையேதான்.

முதலில் ஒலியைப் பார்த்துவிடுவோம். தமிழில் எழுதும்போது பூட்டும் ‘லாக்’, மரக்கட்டையும் ‘லாக்’. எனவே பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை; பெரியவர்களில் பலரும் கடவுச்சொல்லைச் சாவியாகவும் லாக் இன்னைப் பூட்டுத் திறப்பதாகவும்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். பூட்டின் கடைசி ஒலி ‘பக்கம்’ என்ற சொல்லில் வரும் வல்லோசைக் ககரம். மரக்கட்டையின் கடைசி ஒலி ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம். இரண்டு சொற்களையும் சொல்லச் செய்து, அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லுக்குப் போனால் பிள்ளைகளுக்கு வேறுபாடு உடனே பிடிபடுகிறது. லாகரிதத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது 1614-இல் ஜான் நேப்பியர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கிய கலைச்சொல். டயலாக், கேட்டலாக் போன்றவற்றின் வாலும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. எழுத்து ஒன்றுபோல இருப்பதாலேயே சொற்கள் உறவாகிவிடுவதில்லை.

இனி மரக்கட்டைக்கு வருவோம். நடுக்கடலில் போகும் பாய்மரக் கப்பலுக்குத் தன் வேகம் எப்படித் தெரியும்? நிலத்தில் மைல்கல் உண்டு, மரம் உண்டு, ஊர் உண்டு. கடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். வேகம் தெரியாவிட்டால் நேற்று நண்பகலிலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்பது தெரியாது. தூரம் தெரியாவிட்டால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ஐரோப்பிய மாலுமிகள் இதற்குக் கண்ட எளிய வழி ஒரு மரக்கட்டையைக் கடலில் போடுவது. கட்டை போட்ட இடத்திலேயே மிதக்கும். கப்பல் அதை விட்டு விலகிப் போகும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு விலகியது என்று அளந்தால் அதுதான் வேகம்.

அளப்பதற்குக் கட்டையில் ஒரு கயிற்றைக் கட்டினார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டார்கள். இங்கிலாந்தின் வில்லியம் போர்ன் 1574-இல் வெளியிட்ட கடற்பயண நூலில் இந்த முறையை விவரித்திருக்கிறார். காலப்போக்கில் வெறும் கட்டை, வட்டத்தின் கால்பங்கு வடிவமுள்ள பலகையானது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். அதனால் பலகை நீரில் செங்குத்தாக நிற்கும், இழுத்தால் எளிதில் நகராது. ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தூக்கிப் பிடிப்பார். இன்னொருவர் கையில் மணல் கடிகை. மூன்றாமவர் பலகையைக் கடலில் வீசிக் கயிற்றைக் கைவழியே ஓட விடுவார். மணல் தீர்ந்ததும் கடிகைக்காரர் குரல் கொடுப்பார், கயிறு நிறுத்தப்படும். அதுவரை எத்தனை முடிச்சு ஓடியதோ அதுவே வேகம். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் நாட். கப்பல், விமானம், புயல் ஆகியவற்றின் வேகத்தை இன்றும் நாட் கணக்கில் சொல்கிறார்களே, அது இந்தக் கயிற்றின் முடிச்சுதான்.

முடிச்சுகளின் இடைவெளியை யாரோ மனம்போனபடி வைத்துவிடவில்லை. மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு முடிச்சு ஓட வேண்டும். கடல் மைல் ஏறத்தாழ 6,080 அடி, ஒரு மணி நேரம் 3,600 விநாடி. கடிகை 28 விநாடியில் தீர்ந்தால், 28 விநாடிக்கு எத்தனை அடி? நாம் நடத்தும் நேர் விகிதக் கணக்குத்தான். விடை 47 அடி 3 அங்குலத்தை ஒட்டி வரும். பிற்காலக் கப்பல்களில் முடிச்சுகளை அந்த இடைவெளியில்தான் போட்டார்கள். கப்பல் மிக வேகமாகப் போனால் 14 விநாடிக் கடிகையை எடுத்துக்கொண்டு, வந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள்.

தொடக்கத்தில் இந்தக் கணக்கு தவறாகத்தான் இருந்தது. 30 விநாடிக்கு 42 அடி என்று வைத்திருந்தார்கள். பூமியின் அளவைக் குறைத்து மதிப்பிட்டிருந்ததால் வந்த பிழை அது. ரிச்சர்ட் நார்வுட் என்ற கணித ஆசிரியர் இதைத் திருத்த முனைந்தார். 1633-இல் லண்டனிலும் 1635-இல் யார்க்கிலும் நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தொலைவைச் சங்கிலியாலும், சங்கிலி போட முடியாத இடங்களில் காலடிகளை எண்ணியும் அளந்தார். அதிலிருந்து கடல் மைல் 6,120 அடி என்று கணித்து 1637-இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கணக்குப்படி 30 விநாடிக்கு 51 அடி வேண்டும். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் அவருடைய பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சாலையில் நடந்து பூமியை அளந்த ஓர் ஆசிரியரைப் பற்றிக் கணக்கு வகுப்பில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

கட்டையை வீசி வேகம் கண்டாயிற்று. அதை எழுதி வைக்க வேண்டுமே. கப்பலில் இதற்கென்று புத்தகம்போல மடிக்கும் பலகை இருந்தது. கறுப்புப் பலகை, சாக்கட்டி. மணி, முடிச்சு, காற்று, திசை, குறிப்பு என்று கட்டங்கள் கிழித்து, ஒவ்வொரு அளவையும் அதில் குறித்தார்கள். முடிச்சுக்குக் குறைந்த மிச்சத்தை ‘ஃபேதம்’ அளவில் எழுதினார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் அது. நம் கடற்கரை மீனவர் ‘பாகம்’ என்று சொல்லும் அளவும் அதேதான். பலகையில் இருந்ததை நாள்தோறும் ஒரு புத்தகத்தில் படியெடுத்தார்கள். கட்டையின் அளவு எழுதும் பலகை லாக் போர்டு. அந்தப் புத்தகம் லாக் புக். இங்கேதான் சொல் திரும்புகிறது. மரக்கட்டை என்ற பொருளிலிருந்து, நேரம் குறித்து எழுதும் பதிவு என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. பின்னர் ‘புக்’ உதிர்ந்து ‘லாக்’ மட்டுமே பதிவேட்டைக் குறித்தது. அதுவே வினையாகி, பதிவேட்டில் எழுது என்றானது. வணிகக் கப்பல்களில் ஒரு மாலுமியை ‘லாக்’ செய்தார்கள் என்றால், அவர் செய்த குற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றினார்கள் என்று பொருள். பெரும்பாலும் அபராதமும் உண்டு.

இப்பதிவு வெறும் சடங்கு அல்ல. பதிவேட்டின் எண்களைக் கூட்டிக்கொண்டுதான் கப்பல் இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். 1707 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் தங்கள் இடத்தைத் தவறாகக் கணித்துக்கொண்டு வந்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கடலைவிட்டு இறங்கிய லாக் புக், வியப்பாக, நேரே பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. இங்கிலாந்தில் 1862-இல் வந்த திருத்திய கல்வி விதிகளின்படி, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர் ஒரு லாக் புக் வைத்திருந்தாக வேண்டும். பள்ளியில் நடந்தவற்றை மட்டுமே எழுத வேண்டும். பொதுப்படையான கருத்துகளுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் அந்தப் பழைய ஏடுகளைப் பார்ப்பவர்களுக்கு ஊரின் வாழ்க்கையே தெரிகிறது. அறுவடைக்குப் போன பிள்ளைகள், தட்டம்மையால் மூடிய வகுப்புகள், பனியில் வர முடியாத நாள்கள். நம் அலுவலக ஜீப்பிலும் ஜெனரேட்டர் அறையிலும் லாக் புக் இருக்கிறது. புறப்பட்ட கிலோமீட்டர், வந்த கிலோமீட்டர், தேதி, கையொப்பம். ஓட்டுநர் எழுதுவது அந்தப் பாய்மரக் கப்பலின் கட்டங்களைத்தான்.

கணினி வந்தபோது அதற்கும் ஒரு பதிவேடு வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படைக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட மார்க் 2 கணினியின் லாக் புக்கில், 1947 செப்டம்பர் 9 அன்று, இயந்திரத்துக்குள் சிக்கிய ஒரு விட்டில்பூச்சியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பக் என்ற சொல்லைச் சொல்லித் தரும்போது பலரும் குறிப்பிடும் அதே பூச்சிதான். அந்தச் சொல் பூச்சிக்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது என்பது வேறு கதை.

அப்போதெல்லாம் ஒரு கணினி, ஒரு நேரத்தில் ஒருவருக்கு. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை இயக்கிக் காட்டியது. பகிர்வு என்று வந்துவிட்டால் கணக்கு வேண்டும். யார் வந்தார், எப்போது வந்தார், எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்? வந்ததும் ‘லாகின்’ என்று தட்டச்சு செய்ய வேண்டும், போகும்போது ‘லாகவுட்’. கடவுச்சொல்லும் அங்கேதான் புழக்கத்துக்கு வந்தது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு. போதவில்லை. 1962-இல் அவர் எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்து, பிறர் பெயரில் நுழைந்து வேலையைப் பார்த்துக்கொண்டார். பிற்காலத்தில் அவரே சொன்ன செய்தி இது. கடவுச்சொல்லை நண்பனிடம் சொல்லாதே என்று பாடம் நடத்தும் நாளில் இந்தக் கதை உதவும்.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதன்முதலாக அனுப்ப முயன்ற சொல்லும் லாகின்தான். 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். எல் போய்ச் சேர்ந்தது. ஓ போய்ச் சேர்ந்தது. அடுத்த எழுத்தில் மறுமுனை அமைப்பு படுத்துவிட்டது. சர்வர் படுத்துவிட்டது என்று அங்கலாய்ப்பது அன்றே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

எனவே லாக் இன் என்றால் உள்ளே நுழைவது மட்டுமல்ல. நுழைந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது. இப்போதும் நாம் கடவுச்சொல் கொடுத்ததும் எங்கோ ஒரு கோப்பில் ஒரு வரி விழுகிறது: இன்னார், இந்த நேரம். கட்டையைக் கப்பலுக்குள் இழுத்துப் போடுவதுதான் லாக் இன் என்று சிலர் விளக்குவார்கள். அழகான விளக்கம், ஆனால் தவறு. மாலுமிகள் அளந்து முடித்துக் கயிற்றை இழுத்தார்கள் என்பது உண்மை. அதற்கு இந்தத் தொடர் பெயரல்ல. லாக் என்ற சொல் பதிவேடாக மாறிய பிறகு, கணினி அறையில் பிறந்த தொடர் இது.

அப்படியானால் ‘இன்’ என்ன செய்கிறது? வகுப்பறைக்கு மிகவும் பயன்படும் இடம் இதுதான் என்பேன். சைன் இன், செக் இன், கிளாக் இன், லாக் இன். கையொப்பமிட்டு, விடுதியில் பெயர் கொடுத்து, ஆலையின் கடிகாரத்தில் அட்டை குத்தி, கணினியில் பெயர் தட்டி. நான்கிலும் ‘இன்’ சொல்வது ஒன்றே: வருகை பதிவாகிறது. ‘அவுட்’ போட்டால் புறப்பாடு பதிவாகிறது. கம் இன், கோ இன் என்பவற்றில் ‘இன்’ வெறும் உள்ளே; அங்கே பதிவு இல்லை. ஃபிரேசல் வெர்ப் என்றதும் வினைச்சொல் வாரியாக ஐம்பது எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அதைவிட இந்தச் சின்ன சொல்லைப் பிடித்துக் குடும்பம் குடும்பமாகக் காட்டினால், படிக்காத தொடரையும் பிள்ளைகள் ஊகித்துவிடுகிறார்கள். லாக் ஆன், லாக் ஆஃப் என்பவற்றின் பொருளும் ஏறத்தாழ இதுவே. விளக்கைப் போடும்போதும் அணைக்கும்போதும் வரும் ஆன், ஆஃப் நினைவுக்கு வருவதால் அவை இயந்திரத்துக்கு இயல்பாகப் பொருந்திக்கொண்டன.

இலக்கணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வினையாக வரும்போது லாக், இன் இரண்டும் தனித்தனிச் சொற்கள். பெயராகவோ அடையாகவோ வரும்போது ஒட்டி ஒரே சொல். கடந்த காலத்துக்குரிய ‘எட்’ விகுதி லாக் மீது ஏற வேண்டும், இன் மீது அல்ல. அதாவது ‘லாக்ட் இன்’ சரி, ‘லாகின்ட்’ பிழை. பிள்ளைகளின் குறிப்பேட்டில் மட்டுமல்ல, சுற்றறிக்கையிலும் இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். பேசும்போதும் வேறுபாடு உண்டு. வினையில் அழுத்தம் ‘இன்’ மீது. பெயரில் அழுத்தம் ‘லாக்’ மீது. மேக்கப், செட்டப் போன்றவையும் இதே வழிதான்.

இரண்டு சொல் சேர்ந்தால் மூன்றாவது பொருள் எப்படி வரும் என்று பிள்ளைகள் மலைக்க வேண்டியதில்லை. தமிழில் நாள் முழுதும் அதைத்தான் செய்கிறார்கள். “சார்கிட்ட போட்டுக்கொடுத்துட்டான்” என்கிறார்கள். எதையும் போடவில்லை, எதையும் கொடுக்கவில்லை. அநியாயத்தைத் தட்டிக்கேட்கிறோம், எதையும் தட்டுவதில்லை. விட்டுக்கொடு, கண்டுகொள், பார்த்துக்கொள் என்று கரும்பலகை நிறையும்வரை அவர்களே சொல்வார்கள். அதற்குப் பிறகு ஃபிரேசல் வெர்ப் அந்நியமாகத் தெரியாது.

லாக் இன் என்பதற்குத் தமிழில் ‘உள்நுழை’ என்று எழுதுகிறோம். எளிமையானது, ஆனால் நுழைவு மட்டுமே அதில் இருக்கிறது, பதிவு இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்ற சொற்களைப் பயன்படுத்தினார்கள். முதலில் பார்த்தபோது எனக்குக் கரடுமுரடாகத்தான் பட்டது. கப்பலின் கதையைப் படித்த பிறகுதான், புகுவதும் பதிவதும் இரண்டும் அதில் இருப்பது கண்ணில் பட்டது. லாக் என்ற பதிவேட்டைத் தமிழில் விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். வலைப்பூ என்று நாம் சொல்லும் பிளாக்கிலும் அதே கட்டைதான் மிதக்கிறது. 1997-இல் ஜார்ன் பார்ஜர் வெப்லாக் என்றார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் விளையாட்டாக அதை உடைத்து வீ பிளாக் என்றார். பிளாக் மட்டும் நிலைத்தது. காணொலிப் பிள்ளைகளின் விளாக் அதற்கும் பேரன்.

அடுத்த வாரம் வகுப்பில் முதல் வேலையாக, லாகரிதம் என்று நான் சொன்னது தவறு என்றேன். அந்த மாணவி குறிப்பேட்டில் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தாள். பிறகு மைதானத்துக்குப் போனோம். 28 விநாடிக்கு ஒரு முடிச்சு 14.4 மீட்டர் வரும்; நம் மைதானத்துக்கு அது நீளம். அதில் கால்பங்காக, 7 விநாடிக்கு 3.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். 30 மீட்டர் கொடிக்கயிறு, எட்டு முடிச்சு. ஒருத்தி நுனியைப் பிடித்து அசையாமல் நின்றாள், அவள்தான் கட்டை. இன்னொருவன் கயிற்றுக் கண்டுடன் நடந்தான், அவன் கப்பல். கடிகைக்குக் கைப்பேசி. இயல்பான நடை மூன்று முடிச்சுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஓடியவன் ஆறைத் தாண்டினான். நாட்டை 1.852 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும் என்றதும், அவனவன் வேகத்தை அவனவனே கணக்குப் போட ஆரம்பித்தான்.

மணி அடித்த பிறகும் மூன்று பேர் கயிற்றை விடவில்லை. வராந்தாவில் தலைமையாசிரியர் ஐயா நடந்து போவதை, அவருக்குத் தெரியாமல், தூணுக்குத் தூண் எண்ணி அளந்திருக்கிறார்கள். குறிப்பேட்டில் கட்டம் கிழித்து எழுதியிருந்தது: மணி 3.10. முடிச்சு இரண்டரை. காற்று இல்லை. குறிப்பு: கையில் பிரம்பு இல்லை.